காலஞ்சென்ற எமில்டா

கோப்பன்ஹேகன்
11 பெப்ரவரி 2025

ஜெனாட் அண்ணா,

ஒன்பது தடவை தொலைபேசி எடுத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. மின்னஞ்சல் எழுத முடியாது. என் மின்னஞ்சலை உதவியாளர்கள் இருவர் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாதுதான், ஆனால் இப்போது எதையும் மொழிபெயர்க்க இயந்திரம் இருக்கிறது. ஆகவே பேனையால் எழுதுகிறேன். என் தமிழ் நாலாம் வகுப்போடு நின்றது. மிச்சம் ஹேர்னிங் நகரத்துச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் தந்தது. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் அடக்கத்தை நேரலையில் பார்த்தேன். அலுவலகக் கதவைப் பூட்டிவிட்டுப் பார்த்தேன். வரவில்லை என்று நீங்கள் கோபிப்பீர்கள். அம்மா இறந்த செய்தியை நீங்கள் எனக்கு அனுப்பியது அடக்கத்துக்கு முதல் நாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதவில்லை.

எழுதுவது மரண அறிவித்தலைப் பற்றி. "காலஞ்சென்ற எமில்டா, ஜெனாட் ஆகியோரின் பாசமிகு தாயாரும்" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த இணையத்தளத்தை டென்மார்க் தமிழர் எல்லாரும் காலையில் பல் தீட்டுவதற்கு முதலே பார்க்கிறார்கள். இங்கு தமிழ்ச் சங்கச் செயலாளர் நிசாந்தன் உடனே தொலைபேசி எடுத்தார். "எமில்டா அக்கா, நீங்கள் எப்ப செத்தனீங்கள்? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், அச்சுப்பிழை என்றேன். இரண்டாம் முறை எடுத்தபோது அவர் சிரிக்கவில்லை. "அம்மாவுக்கு ரெண்டு எமில்டாவோ அக்கா?" என்று கேட்டார்.

என் நிலைமை உங்களுக்குத் தெரியும். வசந்தத்தில் அமைச்சரவை மாறும் என்கிறார்கள். நிதித் துறைக்கு என் பெயர் அடிபடுகிறது. அது போனால் போகட்டும். பொய்யான பெயரில் பெற்ற குடியுரிமையைப் பறிக்க இங்கே சட்டம் இருக்கிறது. எனக்குக் கணவர் இருக்கிறார், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், நாற்பத்தைந்து வயதாகிறது. எனக்குப் போக வேறு நாடு இல்லை.

ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்தத் தளத்துக்கு நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

எமி

*

மோர்னிங்சைட், ஸ்காபரோ
22 பெப்ரவரி 2025

கௌரவ எமில்டா அமிர்தநாதர், பாராளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நாலைந்து நாள் விடாமல் கொட்டிய பனியில் வாசலே புதைந்து கிடந்தது. முதுகு முறிய அள்ளிவிட்டு வந்து குந்தியபோது, முத்திரையில் ராசாவின் தலையோடு உன் கடிதம். பேர்ணடெற் தேத்தண்ணியோடு கொண்டுவந்து வைத்தாள். "உங்கட தங்கச்சி எழுதியிருக்கிறா" என்றாள். முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்துகிறவள் என்னைக் கோபப்படுத்த எந்தச் சொல்லைப் பாவிக்கவேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறாள்.

என் தங்கச்சி கடிதம் எழுத மாட்டாள். அவள் 1987 மார்கழியில், எட்டு வயதில், மூளைக்காய்ச்சலில் செத்துப்போனாள். மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை ஊரடங்கில் மூடிக் கிடந்தது. பேசாலைச் சேமக்காலையில் மணலுக்குள் கிடக்கிறாள். உனக்குத் தெரியாததை நான் எழுதவில்லை. உனக்கு அப்போது ஏழு வயது, எங்கள் வீட்டில்தான் இருந்தாய். சின்னையாவும் சின்னம்மாவும் இராமேஸ்வரத்துக்குப் படகேறித் திரும்பாமல் போனபிறகு உன்னை எடுத்து வளர்த்தது என் அம்மா. உன் பெயர் றெஜினா. என் தங்கச்சியின் ஞானஸ்நானச் சான்றிதழில் நீ டென்மார்க் போனாய். இதை நான் முழுதாக எழுதுவது உனக்காக அல்ல. ஒரு தடவையாவது எங்காவது ஒரு கடதாசியில் இது முழுதாக இருக்கட்டும்.

நீ எடுக்கச் சொல்கிற சொல், அவள் செத்துப்போனாள் என்பதை உலகத்துக்குச் சொல்கிற ஒரே சொல். அவளுக்கு அறிவித்தல் இல்லை. வருடப் பூசை இல்லை. பெயர் சொல்லிப் பூசை ஒப்புக்கொடுக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பெயர் ஹேர்னிங்கில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. கார்த்திகையில் மரித்தவர்களின் பெயர்களைக் கோயிலில் கேட்டு எழுதும்போது அம்மா "ஒரு பிள்ளை" என்று கொடுப்பார். இங்கே ஸ்காபரோவிலும் அப்படித்தான். பாதர் ஒருநாள், "அம்மா, பேர் மறந்துபோச்சோ?" என்று கேட்டார். அம்மா ஓம் என்றார். அந்த ஓமை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

உன் கட்சி இணையத்தளத்தில் உன் வாழ்க்கை வரலாற்றை இயந்திரத்தில் போட்டுப் படித்தேன். பத்து வயதில் அகதியாக வந்த எமில்டா. கோழித் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள். ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். நிதி அமைச்சில் பதினொரு வருடம். பிறகு வங்கியொன்றில் தலைமைப் பொருளியலாளர், தொலைக்காட்சியில் வட்டி வீதம் விளக்குகிறவள், ஆறு வருடமாகப் பாராளுமன்றம். படம் நன்றாக இருக்கிறது. சுவரொட்டியில் என் தங்கச்சியின் பெயருக்குக் கீழே உன் பல்.

அமைச்சில் இருந்தபோது நீ போட்ட அட்டவணையையும் படித்தேன். மேற்கு நாடுகளுக்கு வெளியேயிருந்து வந்தவர்களால் அரசுக்கு எவ்வளவு நட்டம் என்ற அட்டவணை. நானும் பொருளாதாரம் படித்தவன்தான், யோர்க் பல்கலைக்கழகத்தில், பின்னேர வகுப்பில், ஒன்பது வருடம் இழுத்து. உன் பதினான்காம் அடிக்குறிப்பில் எடுகோள் பிழை. அது கிடக்கட்டும். குடும்பமாகச் சேர வருகிறவர்களிடம் ஆவணம் இல்லாவிட்டால் மரபணுப் பரிசோதனை வேண்டும் என்று போன வருடம் கையுயர்த்தினாயே, அது 1989 இல் இருந்திருந்தால் நீ இன்றைக்குப் பேசாலையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருப்பாய்.

அறிவித்தலில் பிழை இல்லை. திருத்தமும் இல்லை.

அ. ஜெனாட்

*

கோப்பன்ஹேகன்
5 மார்ச் 2025

அண்ணா,

நீங்கள் எழுதியதெல்லாம் உண்மை. பதினான்காம் அடிக்குறிப்பு உட்பட. அதை 2013 இல் திருத்தினோம், புதிய பதிப்பைப் பாருங்கள்.

பரிசோதனைச் சட்டம் பற்றிக் கேட்டீர்கள். கேட்கவில்லை, அடித்தீர்கள். பதில் சொல்கிறேன். அது எவ்வளவு இலகுவில் செய்யக்கூடிய காரியம் என்று அந்த மண்டபத்தில் இருந்த நூற்றெழுபத்தொன்பது பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு சான்றிதழ், ஒரு புகைப்படம், தோய்த்து அழுத்திய ஒரு சட்டை. கையுயர்த்தாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள் என்று பயந்தேன். அதுவும் உண்மை. இரண்டில் எது பெரிது என்று எனக்கே தெரியவில்லை.

நீங்கள் என் வாழ்க்கையைப் படித்தீர்கள். அதில் எழுதாததைச் சொல்கிறேன். ஹேர்னிங்கில் முதல் நாள் அப்பா என்னைச் சமையலறையில் இருத்தி, "நீ எமில்டா. றெஜினா எண்ட பிள்ளை இல்லை. கனவிலயும் இல்லை" என்றார். அம்மா எனக்கு முதுகு காட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டினார். அம்மா என்னை ஒருநாளும் எமில்டா என்று கூப்பிட்டதில்லை. றெஜினா என்றும் இல்லை. "பிள்ளை" என்பார். வெளியாட்கள் முன்னால் "இவ". கனடாவுக்கு உங்களிடம் போகும்வரை இருபத்திரண்டு வருடம் "இவ".

கணக்கு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதற்குப் பெயர் தேவையில்லை. எல்லாரையும் விடத் திறமாகச் செய்தால் ஒருவரும் என்னைத் திரும்பிப் போ என்று சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். பாராளுமன்றத்துக்குப் போனதும் அதற்குத்தான். சட்டம் எழுதுகிற அறைக்குள் இருக்கிறவளைச் சட்டம் தேடி வராது என்று ஒரு மொட்டைக் கணிப்பு.

இப்போது ஒரு நிருபர் தேடி வருகிறாள். நிசாந்தன் கதைத்திருக்கவேண்டும். என் அலுவலகத்துக்கு எழுதி, என் தாயார் பற்றிக் குடும்பத்தோடு பேச விரும்புவதாகக் கேட்டிருக்கிறாள். உங்களைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒருநாள் கூட எடுக்காது. அறிவித்தலின் அடியில் உங்கள் தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

அறிவித்தலை மாற்றாவிட்டாலும் பரவாயில்லை. அவளோடு கதைக்க வேண்டாம். இதை மட்டும் கேட்கிறேன்.

றெஜினா

(இந்தப் பெயரில் கையெழுத்து எப்படி வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு கடதாசி பழுதாய்ப் போயிற்று.)

*

மோர்னிங்சைட்
16 மார்ச் 2025

றெஜினா,

அவள் எடுத்துவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம், நான் விட்பியில் வேலை முடித்து 401 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றுகிறேன், பேர்ணடெற் போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு நிற்கிறாள். "டென்மார்க்கில இருந்து ஒரு வெள்ளைக்காரி. நல்ல மரியாதையாக் கதைக்கிறாள். என்ன சொல்ல?"

நல்ல மரியாதைதான். என் தாயாருக்கு அனுதாபம் சொன்னாள். பிறகு, உங்களுடைய சகோதரி எமில்டா எப்போது இறந்தார் என்று கேட்டாள். எவ்வளவு சாதாரணமான கேள்வி. முப்பத்தேழு வருடத்தில் என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. வாயில் வந்துவிட்டது, திகதியோடு.

சொல்லவில்லை. இது தவக்காலம், தவக்காலத்தில் நான் குடும்ப விஷயம் கதைப்பதில்லை, ஈஸ்டருக்குப் பிறகு எடுங்கள் என்றேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள். நீ பயப்படுவாய் என்று தெரியும். பயப்படு. ஏப்ரல் இருபது, ஈஸ்டர் வரை உனக்கு நேரம் இருக்கிறது. எனக்கு யாரும் அவ்வளவு நேரம் தந்ததில்லை.

நான் சொல்வது உனக்கு விளங்குகிறதா? பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால்தான் தகப்பனோடு சேர விடுவார்கள். 1971 மார்ச் பன்னிரண்டு என் பிறந்தநாள். எண்பத்தெட்டுக் கார்த்திகையிலேயே என் கடதாசிகள் எல்லாம் தயார். அம்மாவும் நானும் என்று அப்பா அன்றைக்கே போட்டிருந்தால் நான் ஹேர்னிங்கில் இறங்கியிருப்பேன். ஆனால் உன் பெரியப்பா காத்திருந்தார். தம்பியின் பிள்ளைக்குக் கடதாசி சரிவர வேண்டும் என்று காத்திருந்தார். சொந்த மகனுக்குப் பதினெட்டு முடிந்து மூன்று கிழமை கழித்து விண்ணப்பம் போனது. அம்மாவுக்கு விசா, உனக்கு விசா. எனக்கு ஒரு வரி மறுப்பு.

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மன்னார் மாவட்டத்தில் முதலாவதாக வந்தவன் நான். கொட்டாஞ்சேனை லொட்ஜில் ஐந்து வருடம் மூட்டைப்பூச்சியோடு படுத்தேன். பிறகு ஏஜென்சிக்காரன் மொஸ்கோவில் ஒன்பது மாதம் ஓர் அறைக்குள் பூட்டி வைத்தான். இங்கே வந்து முதல் வேலை ரெக்ஸ்டேலில் கார்க் கதவுக்கு ரப்பர் ஒட்டுவது. அதே வருடம் நீ பள்ளிக்கூடத்தில் கணிதப் பரிசு வாங்கினாய் என்று அப்பா படம் அனுப்பினார். படத்தின் பின்பக்கத்தில் "எங்கள் எமி" என்று எழுதியிருந்தது. நீ படித்த படிப்பு என் படிப்பு. நீ இருக்கிற கதிரை என் கதிரை. இதை நான் நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

என் மகள் நதீஷாவுக்கு எல்லாம் சொன்னேன். அவள் இங்கே பிறந்தவள், எல்லாவற்றுக்கும் அவளிடம் தீர்ப்பு இருக்கும். "அப்பா, ஷி வாஸ் நைன்" என்றாள். ஒன்பது வயது என்பது பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

இன்னொன்று. அம்மா கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில் கண் திறக்கும்போதெல்லாம் "எமில்டா வந்திட்டாளோ?" என்று கேட்டார். எந்த எமில்டா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும் என்று இப்போது ஒவ்வொரு நாளும் கார் ஓடும்போது நினைக்கிறேன். கேட்டு, நீ என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் நினைக்கிறேன்.

ஜெனாட்

*

கோப்பன்ஹேகன்
29 மார்ச் 2025

அண்ணா,

இந்த வருடக் கடைசியோடு டென்மார்க்கில் தபால்காரர் வீடுகளுக்குக் கடிதம் கொண்டுவருவது நின்றுவிடும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்குள் எல்லாவற்றையும் எழுதிவிடவேண்டும் போல ஓர் அந்தரம்.

உங்கள் கடிதம் வருவதற்கு முதலே ஒரு காரியம் செய்தேன். நிருபர் எதைப் பார்ப்பாளோ அதை நான் முதலில் பார்க்கவேண்டும் என்று, ஆவணக் காப்பகத்தில் எங்கள் குடும்பத்தின் கோப்பைக் கேட்டு எடுத்தேன். என்னுடைய கோப்பைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. அறுபத்திரண்டு பக்கங்கள். அதில் இரண்டைப் பிரதி எடுத்து இதோடு வைக்கிறேன்.

முதலாவது 1989 ஏப்ரல் 3 ஆம் திகதியிட்ட விண்ணப்பப் படிவம். முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், ஒரே கை. ஏழு என்ற இலக்கத்தின் நடுவில் ஒரு சின்னக் கோடு. உங்கள் கடித உறையில் என் தபாற்குறியீட்டில் வருகிற ஏழிலும் அதே கோடு இருக்கிறது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் புள்ளிவிவரக்காரி, இரண்டு தடவை பார்ப்பேன். பத்துத் தடவை பார்த்தேன்.

இரண்டாவது, அந்தப் படிவத்தோடு இணைத்த கடிதம். ஆங்கிலத்தில், அழகான ஆங்கிலம். "என் தங்கை எமில்டா சிறு பிள்ளை, தாயைப் பிரிந்து வாழ முடியாதவள், எங்கள் இருவரில் ஒருவரைத்தான் ஏற்கலாம் என்றால் தயவுசெய்து அவளை ஏற்றுக்கொள்ளுங்கள்." கீழே உங்கள் கையெழுத்து.

உங்கள் பள்ளிச் சான்றிதழின் திகதி 1988 நவம்பர் 14. நீங்கள் எழுதியது சரி, உங்கள் கடதாசிகள் அப்போதே தயார். எமில்டாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் எடுத்த திகதி 1989 மார்ச் 31. அப்பா அப்போது ஹேர்னிங்கில் இருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. யாரோ ஒருவர் பேசாலைக்குப் போய் அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அண்ணா, உங்களைக் காத்திருக்கச் சொன்னது அப்பாவா?

வாழ்நாள் முழுவதும் என்னை அப்பா கொண்டுவந்தார் என்று நினைத்தேன். அப்பாவுக்கு அந்த நன்றியைச் செலுத்தினேன். அவர் கையால் கோழி வெட்டிய தொழிற்சாலை மூடப்பட்டபோது அதற்காகத் தொலைக்காட்சியில் சண்டை பிடித்தேன். தவறான ஆளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேனா? எனக்குப் பதில் வேண்டும். நிருபருக்காக இல்லை.

றெஜினா

*

மோர்னிங்சைட்
9 ஏப்ரல் 2025

நீ எனக்கு விசாரணை வைக்கத் தேவையில்லை. ஏழுக்குக் கோடு போடுகிறவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர். முப்பத்தாறு வருடத்துக்கு முந்திய ஒரு படிவத்தில் ஒரு பெடியன் யார் சொல்லி என்ன எழுதினான் என்று உன் காப்பகத்துக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது.

காசு கொடுத்துப் பிரதி எடுத்து எனக்கு அனுப்ப உனக்கு என்ன துணிச்சல். அந்தக் கடிதத்தை நான் மறந்துபோயிருந்தேன். நன்றாக, முழுதாக மறந்துபோயிருந்தேன். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பேர்ணடெற் என்ன என்று கேட்கிறாள், நாரிப்பிடிப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இனி எழுதாதே. ஈஸ்டருக்குப் பிறகு அவள் எடுக்கட்டும். எடுத்தால் என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

*

கோப்பன்ஹேகன்
23 ஏப்ரல் 2025

அண்ணா,

எழுதாதே என்ற கடிதம் ஈஸ்டர் விடுமுறை முடிந்து நேற்றுத்தான் கையில் கிடைத்தது. அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமை, செவ்வாய்க்கிழமை கட்சித் தலைவரிடம் போனேன். முழுவதையும் சொன்னேன். அவர் முதலில் எழும்பி அறைக் கதவைச் சாத்தினார். "யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். கெட்ட மனிதர் அல்ல, அரசியல்வாதி. அன்று பின்னேரமே நிருபர்களைக் கூப்பிட்டேன். பதினொரு நிமிடம். என் பெயர் றெஜினா என்று சொன்ன இடத்தில் கமெராக்கள் ஒரே நேரத்தில் அடித்தன. அந்தச் சத்தத்தை மறக்க முடியவில்லை, ஆலங்கட்டி மழை மாதிரி.

நிதிப் பேச்சாளர் பதவி போயிற்று. கட்சியிலிருந்தும் விலகிவிட்டேன். அமைச்சரவைப் பேச்சை ஒருவரும் எடுப்பதில்லை. ஹேர்னிங் தமிழர்கள் பாதிப் பேர் எனக்குத் தொலைபேசி எடுத்து அழுகிறார்கள். மற்றப் பாதி தங்கள் பழைய கோப்புகளையும் இனித் தோண்டுவார்கள் என்று பயந்து என்னைத் திட்டுகிறார்கள். அவர்கள் பயப்படுவது சரி. நிசாந்தன் இரண்டையும் செய்தார்.

குடியுரிமை விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். வக்கீல் சொல்கிறார், ஒன்பது வயதுப் பிள்ளை ஏமாற்றியதாகச் சட்டம் எடுக்காது. ஆனால் பிற்பாடு வளர்ந்த ஆளாக அதே பெயரில் கையெழுத்து வைத்தேன். ஆகவே ஆரம்பத்தில் என்ன நடந்தது, யார் முடிவெடுத்தது, எனக்கு என்ன சொல்லப்பட்டது என்பதெல்லாம் கேட்பார்கள்.

உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. படிவத்தை எழுதியது அப்பா என்று சொன்னேன். அப்பா போய்விட்டார், அவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் கனடாவில் உங்கள் வாழ்க்கையைப் பாருங்கள். நிருபர் இனி உங்களைக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் எனக்கு என் பதில் கிடைத்துவிட்டது. "மறந்துபோயிருந்தேன்" என்று எழுதினீர்கள்.

றெஜினா

*

மோர்னிங்சைட்
7 மே 2025

றெஜினா,

நீ பெரிய பொருளியலாளராக இருக்கலாம், பொய் சொல்லத் தெரியாது. அப்பா படிவத்தை எழுதினார் என்கிறாய். அப்பா அந்த ஏப்ரலில் ஹேர்னிங்கில் கோழி வெட்டிக்கொண்டிருந்தவர். படிவம் கொழும்பில் எழுதிக் கொழும்பில் கொடுத்தது, முத்திரை இருக்கிறது. நிருபர் ஒரு கிழமையில் கண்டுபிடிப்பாள். பிறகு, உண்மை சொல்லும்போதும் பொய் சொன்னவள் என்று எழுதுவாள். நீதிமன்றத்தில் அதற்குப் பிறகு உன் வாயை யார் நம்புவார்கள்? இதைக் கூட யோசிக்காமல் ஆறு வருடம் எப்படிப் பாராளுமன்றத்தில் இருந்தாய்?

அதோடு, செத்த மனுசன் மேல் போடாதே. அதை நான் ஏற்கெனவே முப்பத்தாறு வருடம் செய்துவிட்டேன்.

அப்பா காத்திருக்கச் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனையில் தொலைபேசிக் கடையில் அவருடைய அழைப்புக்கு இரண்டு மணி நேரம் நின்றேன். தைமாதம். "தம்பி, கொம்மாவின்ரையும் உன்ரையும் பேப்பரைக் குடு. பெட்டையின்ர அலுவலைப் பிறகு பாப்பம்" என்றார். "பிறகெண்டா எப்ப அப்பா?" என்று கேட்டேன். "பிறகெண்டாப் பிறகுதான்." எனக்கு அப்பாவைத் தெரியும். அந்தப் பிறகு வராது. உன்னைப் பேசாலையில் யாராவது வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் பிளேன் ஏறியிருப்போம்.

எமில்டாவின் சான்றிதழ் என் யோசனை. கொழும்பில் லொட்ஜ் அறையில் அதைச் சொன்னபோது அம்மா என் கன்னத்தில் அடித்தார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் எழும்பி, பெட்டியிலிருந்து அவளுடைய சட்டையை எடுத்து உனக்கு அளவு பார்த்தார். சான்றிதழ் எடுக்கப் போவதற்கு மன்னாருக்குப் பஸ் ஓடாமல் நான் கிழமைக் கணக்காகக் கொழும்பில் நின்றேன். அதற்குள் மார்ச் பன்னிரண்டாம் திகதி, என் பதினெட்டாவது பிறந்தநாள், வந்து போய்விட்டது. அன்றைக்கு எனக்குத் தெரியும். மூன்று கிழமையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு படிவத்தை நிரப்பினேன். தெரியாமல்தான் அந்தக் கடிதத்தை எழுதினேனா, தெரிந்துதான் எழுதினேனா? "இருவரில் ஒருவர்" என்று ஏன் எழுதவேண்டும்? பதினெட்டு வயதுப் பெடியனுக்குத் தான் நல்லவன் என்று நினைக்க எவ்வளவு ஆசை. அந்த நல்லவனை நான் பிறகு மன்னிக்கவேயில்லை. லொட்ஜில் முதலாம் வருடத்திலேயே கதையை மாற்றிவிட்டேன். அப்பா காத்திருந்தார், பெட்டை பறித்தாள். அது இலகுவாக இருந்தது. சுமந்துகொண்டு நாடு நாடாகப் போகக்கூடியதாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அறிவித்தலை அம்மாதான் சொல்லி எழுதுவித்தார், சாகிறதுக்கு ஒரு மாதத்துக்கு முதல். "மூண்டு பேரின்ரை பேரையும் போடு. காலஞ்சென்ற எமில்டா, ஜெனாட், றெஜினா." நான், "அம்மா, அவளைப் பொலிஸ் பிடிக்கும்" என்றேன். "நான் செத்தாப்பிறகு எனக்கென்ன பொலிஸ்? அவள் என்ர பிள்ளை இல்லையோ?" என்றார். மூன்றாவது பெயரை நான் விட்டேன். இரண்டு பெயரோடு போட்டால் உனக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துதான் விட்டேன். உன் முதலாவது கடிதம் வந்தபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. போன கிழமை தளத்துக்கு எழுதி உன் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். மூன்று மாதம் கழிந்த அறிவித்தலில் கை வைக்க முடியாது என்று பதில் வந்தது.

நிருபர் இருபத்திநாலாம் திகதி எடுத்தாள். உன் அட்டவணை பற்றி ஏதாவது கேள், சொல்கிறேன், மற்றதை நான் சட்டப்படி சொல்வேன் என்று வைத்துவிட்டேன். உன் அட்டவணை பற்றி நான் எழுதியதில் ஒரு சொல்லையும் திரும்ப எடுக்கவில்லை, விளங்குதா? உன் பரிசோதனைச் சட்டம் அசிங்கமான சட்டம். நீ இப்போது கட்சியில் இல்லை, உன் வாயை யாரும் கட்டவில்லை. அதைப் பாராளுமன்றத்துக்குள் இருந்துகொண்டே எதிர்த்துப் பேசு. பேசாமல் கோப்பைச் சுமந்துகொண்டு திரிந்தால் நான் திரும்பவும் உன்னோடு கதைக்க மாட்டேன்.

நேற்று லீவு போட்டுவிட்டு, உன் வழக்குக்குச் சத்தியக்கடதாசி கொடுக்க ரெக்ஸ்டேலில் ஒரு வக்கீலிடம் போனேன். ஸ்காபரோவில் எந்த வக்கீல் கந்தோருக்குள் போனாலும் யாராவது ஒரு தெரிந்த ஆளின் பிள்ளை இருக்கும். ரெக்ஸ்டேலிலும் தமிழ்ப் பிள்ளைதான். சுபாங்கி என்று பெயர், நதீஷாவின் வயது. நான் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் தட்டினாள். படிவத்தை எழுதியவன் நான், யோசனை என்னுடையது, பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, வாய் திறக்கக் கூடாது என்று பெரியவர்கள் பயமுறுத்தி வளர்த்தோம். எல்லாம் போட்டாயிற்று. ஒரே ஒரு பெட்டி மிச்சம்.

"அங்கிள், உங்களுக்கு அவ என்ன ரிலேஷன்?"

"தங்கச்சி."

"ஓன் சிஸ்டரா?"

"சித்தப்பாவின்ர மகள்."

"அப்ப கசின். கசின் எண்டுதான் போடவேணும் அங்கிள். இது சத்தியக்கடதாசி."

தங்கச்சி என்று போடு என்றேன். எங்களுக்குள் அது தங்கச்சிதான், கேட்டுப் பார் உன் அப்பாவிடம் என்றேன். அவள் பொறுமையான பிள்ளை. "அங்கிள், சிஸ்டர் எண்டு போட்டா நீங்கள் திரும்பவும் அதே பொய்யைத்தான் சொல்லுறீங்கள். கோர்ட் முழுக் கடதாசியையும் தூக்கி எறியும். அவவுக்குத்தான் நட்டம்."

சரியாகத்தான் சொன்னாள். கசின் என்று போடச் சொன்னேன். கீழே கையெழுத்து வைத்தேன். வலது கையை உயர்த்தி, இவள் என் தங்கச்சி அல்ல என்று கனடாச் சட்டத்தின் முன்னால் சத்தியம் செய்தேன். எத்தனையோ வருடமாக எவன் முன்னாலாவது சொல்லவேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்த வசனம் அது. சொல்லி முடித்தும் அந்தக் கதிரையிலேயே இருந்துவிட்டேன். சுபாங்கி போய்த் தண்ணீர் எடுத்துவந்தாள். "பிறெஷர் இருக்கோ அங்கிள்?" என்றாள். ஓம் என்றேன்.

மூலப்பிரதி உன் வக்கீலுக்குக் கூரியரில் போய்விட்டது. இதற்குள் இருப்பது பிரதி. அந்தப் பெட்டியைப் பார்த்து மனம் நோகாதே.

ஜெனாட்